வளைவில் தும்மும் வண்டி

மலைநாட்டில் வாழ்வோருக்குக் காது இரண்டாவது கண். மூடுபனி இறங்கிவிட்டால், பத்து முழத்துக்கு அப்பால் நிற்பது மனிதரா மரமா என்று கண்ணால் அறிதல் அரிது. ஆயினும் எதிரே வருவது பஸ்ஸா லொறியா, அது மேடேறுகிறதா பள்ளம் இறங்குகிறதா, பாரத்தோடு வருகிறதா வெறுமையாக வருகிறதா என்பனவற்றையெல்லாம் காது முன்கூட்டியே சொல்லிவிடும். வட்டவளையிலிருந்து றொசல்ல வழியாக ஹட்டனை நோக்கி ஏறும் பாதையில் வளைவுதோறும் இந்தச் செவிப்பாடம் நாள்தோறும் நடைபெறுகின்றது.

அண்மைக் காலமாக இப்பழகிய ஓசைகளுக்கிடையே புதியதோர் ஓசையும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. சிறிய காரொன்று சீறிக்கொண்டு மேடேறி வருகிறது. வளைவை நெருங்கியதும் சாரதி அக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். எடுத்த கணமே, "ப்ஷ்ஷ்!" என்று பெரியதொரு தும்மல். பாதையோரத்தில் நிற்கும் பள்ளிப் பையன்கள் ஆரவாரிக்கிறார்கள். "அதுதான் டர்போவின் பலம்!" என்கிறான் ஒருவன். தேநீர்க் கடை வாயிலில் அமர்ந்திருக்கும் முதியவரோ, "எங்கேயோ டயர் வெடித்துவிட்டது போலும்" என்று கவலைப்படுகிறார்.

இவ்விருவர் கூற்றும் உண்மையன்று. அந்த ஓசை பலத்தின் ஓசையுமன்று, பழுதின் ஓசையுமன்று. இனி வேண்டாம் என்று கைவிடப்படும் பலத்தின் ஓசை அது. இதனைத் தெளிவாக உணர்ந்துகொண்டால், வண்டி வாங்குவோருக்கும், வைத்திருப்போருக்கும், வண்டிகளை வேடிக்கை பார்க்கும் மாணவர்களுக்கும் பயன் உண்டு. பணமும் மிஞ்சும், சில வேளைகளில் உயிரும் மிஞ்சும்.

எஞ்சினுக்கும் மூச்சு வேண்டும்

மோட்டார் எஞ்சின் பெற்றோலை மாத்திரம் உண்டு வாழ்வதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது உண்பதில் பெரும் பங்கு காற்றுத்தான். ஒரு கிலோ பெற்றோல் செவ்வையாக எரிவதற்குச் சுமார் 15 கிலோ காற்று வேண்டும். ஒரு லீற்றர் கொள்ளளவுள்ள சாதாரணக் கார் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, ஏறக்குறைய 1,500 லீற்றர் காற்றை ஒவ்வொரு நிமிடமும் உள்ளிழுக்கின்றது. அடுப்பில் விறகு எவ்வளவு இருந்தாலும் ஊதுகுழல் இன்றேல் தீ எழாதன்றோ? எஞ்சினின் நிலையும் அதுவே. காற்றுக் குறைந்தால் வலுவும் குறையும்.

இங்கேதான் மலைநாட்டுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. ஹட்டன் கடல் மட்டத்துக்கு மேல் 4,000 அடிக்கும், நுவரெலியா 6,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கின்றன. உயரம் ஏற ஏறக் காற்று ஐதாகின்றது. நுவரெலியாவில் காற்றின் அமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே. ஆகவே கொழும்பில் துள்ளி ஓடிய கார், நானுஓயாவைத் தாண்டும்போது கிட்டத்தட்ட ஐந்திலொரு பங்கு வலுவை இழந்து பெருமூச்சு விடுகின்றது. பாதையோ அவ்விடத்தில்தான் செங்குத்தாக ஏறுகின்றது!

இக்குறையைப் போக்க வழி கண்டவர் அல்பிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினியர். 1905ஆம் ஆண்டில் அவர் தம் எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை சூடும் வேகமும் உடையது. அது வீணே வெளியில் போகின்றது. அப்புகையைக் கொண்டு ஒரு சிறு சில்லைச் சுழற்றினால் என்ன? அச்சில்லின் அச்சிலேயே மறுமுனையில் இன்னொரு சில்லைப் பொருத்தி, அதனால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தினால் என்ன? இதுவே டர்போவின் தத்துவம். கழிவாய்ப் போகும் மூச்சைக் கொண்டே புதிய மூச்சைத் திணிக்கும் தந்திரம் அது.

1918ஆம் ஆண்டில் அமெரிக்க எஞ்சினியரான சான்போர்ட் மொஸ் என்பவர் விமான எஞ்சின் ஒன்றை, 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் என்னும் மலையுச்சிக்குக் கொண்டு சென்று சோதித்தார். அங்குள்ள மெல்லிய காற்றில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வலுவிழந்து நின்ற அந்த எஞ்சின், டர்போவைப் பூட்டியதும் இழந்த வலுவை மீட்டுக்கொண்டது. ஆகவே டர்போவுக்கும் மலைக்கும் உள்ள உறவு நூறாண்டுக்கு மேற்பட்டது. 1920களில் கப்பல்களிலும், 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒல்ட்ஸ்மொபில், செவர்லே ஆகிய கம்பனிகளின் கார்களிலும், 1970களின் பிற்பகுதியில் சுவீடனின் சாப் காரிலும் அது இடம்பெற்றது.

நம் நாட்டில் எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்து வரி விதிக்கப்படுவதால், சிறிய எஞ்சினில் டர்போவைப் பூட்டிய கார்களுக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டது. ஒரு லீற்றர் டர்போ எஞ்சினுடைய ஹொண்டா சிவிக், டொயோட்டா ரைஸ் முதலியன அவ்வாறு வந்தவையே. மலைப் பாதைகளில் அந்தப் புதிய தும்மல் கேட்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தும்மல் எங்ஙனம் பிறக்கிறது?

டர்போவின் சில்லு நாம் கற்பனை செய்ய முடியாத வேகத்தில் சுழல்வது. சிறு கார்களில் அது நிமிடத்துக்கு ஓர் இலட்சம் முறைக்கு மேல், சில வேளை இரண்டு இலட்சம் முறையளவு சுழல்கின்றது. அது அமுக்கிய காற்று, தடித்த குழாயொன்றின் வழியாக எஞ்சினை நோக்கி ஓடுகின்றது. எஞ்சினின் வாசலில் திறொட்டில் எனப்படும் காற்றுக் கதவு ஒன்று உண்டு. சாரதி அக்சிலேட்டரை மிதித்தால் அக்கதவு திறக்கும்; காலை எடுத்தால் மூடும்.

இப்பொழுது நம் சாரதி வளைவுக்கு வந்துவிட்டார். கியரை மாற்றுவதற்காகக் காலை எடுத்தார். கதவு படாரென மூடிற்று. ஆனால் இலட்சம் முறை சுழலும் சில்லு கதவு மூடியதை அறியுமா? அது இன்னும் காற்றை அள்ளித் தள்ளிக்கொண்டே இருக்கின்றது. குழாய்க்குள் அகப்பட்ட காற்றுக்கு முன்னே போக வழியில்லை. வேகமாய் ஓடும் தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால், சுவருக்குள் 'டக்' என்று அடிக்கும் ஓசையை வீட்டில் கேட்டிருப்பீர்கள். ஓடுவதைத் திடீரெனத் தடுத்தால் ஓடியது திருப்பி அடிக்கும் என்பதே அதன் கருத்து. மலைநாட்டு நீர்மின் திட்டங்களில் நீண்ட சுரங்கக் குழாய்களின் பாதையில் எழுச்சித் தொட்டி அமைப்பதும், நீர் இவ்வாறு திருப்பி அடிப்பதைத் தாங்கிக்கொள்வதற்கே.

காற்றுக்கும் அத்தகைய ஒரு வடிகால் தேவை. அதுதான் புளோ-ஓஃப் வால்வு. தேங்கிய காற்றை வெளியேற்றும் சிறு வாசல் என்று அதனைச் சொல்லலாம். அதற்குள் ஒரு சுருள்வில்லும், அதனோடு இணைந்த மெல்லிய சவ்வு அல்லது சிறு பிஸ்டனும் இருக்கின்றன. ஒரு மெல்லிய இறப்பர்க் குழாய் அதனைக் காற்றுக் கதவுக்கு அப்பாலுள்ள எஞ்சின் பக்கத்தோடு இணைக்கின்றது. கதவு மூடியதும் எஞ்சின் வெறும் வாயால் உறிஞ்சுவதால் அந்தப் பக்கத்தில் வெற்றிடம் போன்ற நிலை உண்டாகின்றது. அந்த உறிஞ்சல் வால்வை மேலே இழுக்கின்றது. கீழிருந்து தேங்கிய காற்றும் தள்ளுகின்றது. வால்வு திறக்க, காற்று வெளியேறுகின்றது. ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் காரியம் முடிந்துவிடும். "ப்ஷ்ஷ்!" என்று நாம் கேட்பது அதனையே.

காலை எடுக்கும்போதுதான் இது நிகழும் என்பதைக் கவனிக்க வேண்டும். சமதரையில் நெடுந்தூரம் ஒரே சீராக ஓடும் காரில் இவ்வோசை அரிதாகவே கேட்கும். மலைப் பாதையிலோ நூறு யாருக்கு ஒரு வளைவு. வளைவுக்கு ஒரு கியர் மாற்றம். மாற்றத்துக்கு ஒரு தும்மல். ஏப்ரல் மாத வசந்த காலத்தில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைத் தோட்டப் பாதையில் நடைபெற்றுவரும் மலையேற்றக் கார்ப் பந்தயத்தை அறியாதார் அங்கு இலர். 1930களிலேயே தொடங்கிய பழம்பெரும் பந்தயம் அது. மிட்சுபிஷி லான்சர், சுபாரு இம்பிரெஸா முதலிய டர்போ கார்கள் இத்தகைய மலையேற்றப் பந்தயங்களில் ஓடும்போது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இத்தும்மலைத் தெளிவாகக் கேட்கலாம். பந்தயத்தை வெல்வது தும்மலன்று. தும்மலுக்கு முன்னும் பின்னும் எஞ்சினுக்குள் புகுந்த காற்றே.

ஓசைகளைப் பிரித்தறிதல்

டர்போ வண்டி எழுப்பும் ஓசைகள் யாவும் ஒன்றல்ல. எந்த வேளையில் கேட்கிறது என்பதை வைத்தே அவற்றைப் பிரித்தறியலாம்.

காலை எடுத்ததும் ஒரே மூச்சில் "ப்ஷ்ஷ்" என்று ஒலித்து ஓய்ந்தால், வால்வு தன் கடமையைச் செய்கிறது என்க.

காலை எடுத்ததும் "து-து-து-து" என்று புறா சிறகடிப்பது போலக் கேட்டால், காற்றுக்கு வெளிவழி போதவில்லை. தேங்கிய காற்று, சுழலும் சில்லின் இலைகளுக்கூடாகவே பின்னோக்கிப் பாய்ந்து, மீண்டும் தள்ளப்பட்டு, மீண்டும் பாய்ந்து அலைமோதுகின்றது. இதனை எழுச்சி என்பர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்றூதும் பெரிய விசிறியின் வழியை அடைத்தால் விசிறி திணறுவதை ஒத்தது இது. இளைஞர் சிலர் இவ்வோசையை இனிய இசையென்று கருதி, வேண்டுமென்றே வால்வை அடைத்துவிடுகின்றனர். பலமாக அமுக்கும் டர்போவில் இது வாடிக்கையாக நிகழுமானால், சில்லின் அச்சைத் தாங்கும் பேரிங் முன்னும் பின்னும் இடிபட்டுத் தேயும்.

அக்சிலேட்டரை மிதிக்கும்போதே, மேடேறும் வேளையில், "ஸ்ஸ்ஸ்" என்று தொடர்ந்து சீறினால், அது வால்வின் தும்மலன்று. எங்கோ காற்றுக் குழாய் வெடித்திருக்கிறது, அல்லது அதன் கிளிப் தளர்ந்திருக்கிறது. வலு குறைவதும் கூடவே தெரியும்.

மெல்லிய சீழ்க்கை ஒலி எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குமானால் அது பெரும்பாலும் டர்போவின் இயல்பான குரல். அதுவே நாளுக்கு நாள் உரத்து, சைரன் போல அலறத் தொடங்கி, சைலன்சரில் நீலப் புகையும் தோன்றினால், பேரிங்கும் ஒயில் தடுப்பும் தேய்ந்தன என்று ஐயுறல் வேண்டும். அவ்வண்டியைத் தாமதமின்றிக் கராஜுக்குக் கொண்டு செல்லல் நலம்.

வேஸ்ட்கேட் என்று வேறொரு வால்வும் உண்டு. அதனைப் புளோ-ஓஃப் வால்வோடு பலர் குழப்பிக்கொள்கின்றனர். அது புகைப் பக்கத்தில் இருப்பது; சில்லு அளவுக்கு மிஞ்சிச் சுழலாதபடி புகையின் ஒரு பகுதியை வேறு வழியாய்த் திருப்பிவிடுவது. வேலை செய்வது மிதித்திருக்கும் வேளையில். புளோ-ஓஃப் வால்வோ காற்றுப் பக்கத்தில் இருப்பது; வேலை செய்வது காலை எடுத்த வேளையில்.

ஓசைக்காக ஓசை

கார்க் கம்பனிகள் விற்கும் டர்போ பெற்றோல் கார்களில் பெரும்பாலானவை உரக்கத் தும்முவதில்லை. ஏன்? வெளியேறும் காற்றை வெட்டவெளியில் விடாது, டர்போவின் முன்பக்கத்துக்கே திருப்பி அனுப்பும்படி அவற்றை அமைத்திருக்கிறார்கள். இது ஓசையை அடக்குவதற்காக மாத்திரமன்று. பல கார்களில், உள்ளே வரும் காற்றை வாசலிலேயே ஒரு கருவி அளக்கின்றது. அந்த அளவுக்கு ஏற்பவே பெற்றோல் ஊற்றப்படுகின்றது. அளந்து கணக்கில் எழுதிய காற்று, கணக்குக்குத் தெரியாமல் வெளியே போய்விட்டால் என்னாகும்? பத்துப் பேருக்கு உலை வைத்தபின் நால்வர் சொல்லாமல் எழுந்து போனது போல, பெற்றோல் மிகையாகிவிடும்.

கடையில் விற்கும் வெளியூதும் வால்வை இத்தகைய காரில் பூட்டினால் நிகழ்வது இதுவே. கரும்புகை எழும், பிளக்குகள் கரிபிடிக்கும், சைலன்சரில் வெடியோசை கேட்கும், புகையைச் சுத்திகரிக்கும் கருவி கெடும். வால்வின் சுருள்வில் வண்டிக்குப் பொருந்தாததாயின், எஞ்சின் மெதுவாக ஓடும்போது வால்வு முழுவதும் மூடாமல் இருந்து, கணக்கில் வராத காற்றை உள்ளே விடும். எஞ்சின் தடுமாறி நின்றுபோகவும் கூடும். காற்றை அளக்காமல் குழாயின் அமுக்கத்தை மாத்திரம் அறிந்து பெற்றோல் ஊற்றும் கார்களில் இத்தொல்லை அவ்வளவாக இல்லை. ஆகவே, நண்பன் காரில் நன்றாக இருக்கிறது என்பது நம் காருக்கும் அது நன்று என்பதற்குச் சான்றாகாது.

எஞ்சின் நின்றுபோவது சமதரையில் சிறு தொல்லை. இறக்கத்தில் அது பெரும் ஆபத்து. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங்குக்கு உதவும் விசை இல்லாது போகலாம். பிரேக்குக்கு உதவும் உறிஞ்சல் விசையும் இரண்டொரு மிதிக்குமேல் நில்லாது. அதன்பின் பிரேக் கல்லாய் இறுகிவிடும். கினிகத்தேனைப் பக்கம் இறங்கும் வளைவொன்றில் இந்நிலை நேர்ந்தால், வேடிக்கைக்காக வாங்கிய தும்மலுக்குக் கொடுக்கும் விலை என்னவாகும் என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பாராக.

டீசல் வண்டியின் கதை

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்று. "டீசல் வேனுக்கும் டர்போ இருக்கிறதே, அதற்கும் இந்த வால்வைப் பூட்டலாமா?" என்பர். டீசல் எஞ்சினில் வலுவைக் கட்டுப்படுத்துவது காற்றுக் கதவன்று. ஊற்றப்படும் டீசலின் அளவே. புதிய டீசல் வண்டிகள் சிலவற்றில் வேறு தேவைக்காகக் கதவொன்று இருப்பினும், சாரதி காலை எடுத்ததும் காற்றின் வழி பெற்றோல் காரிற்போல அடைபடுவதில்லை. அடைபடாத வழிக்கு வடிகால் எதற்கு? டீசல் வண்டியில் பொதுவாக இவ்வால்வுக்கு வேலையே இல்லை. பொத்தானை அமுக்கியோ, மின்கருவியால் திறந்தோ தும்மவைக்கும் வால்வுகளும், சைலன்சர் முனையில் செருகும் ஊதல்களும் கடைகளில் உள்ளன. அவை எஞ்சினுக்கு யாதொரு வலுவும் தருவனவல்ல. கூலியை மிச்சம்பிடித்துச் சேர்த்த பணத்தை அவற்றில் இடுவது, அணைந்த அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு வாயால் விசிலடிப்பதை ஒக்கும்.

றொசல்லப் புகையிரத நிலையத்தைக் கடந்து செல்லும் மலைநாட்டு ரயில்களும் டீசலால் ஓடுவனவே. 1954ஆம் ஆண்டு முதல் கனடாவிலிருந்து வந்த எம்-2 வகை எஞ்சின்கள், அவற்றுட் சில கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கியவை, டர்போ இல்லாதவை. அவற்றில் காற்றை ஊதிச் செலுத்தும் கருவி, புகையால் அன்றி, எஞ்சினாலேயே பற்சில்லுகள் வழியாகச் சுழற்றப்படுகின்றது. அத்தனை பாரத்தை இழுத்துக்கொண்டு மலையேறும் அந்த எஞ்சின்கள் ஒரு வளைவிலேனும் இவ்வாறு தும்முவதில்லை! பலத்துக்கும் தும்மலுக்கும் கட்டாய உறவு இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அப்படியாயின், பஸ்ஸும் லொறியும் "ஷ்ஷ்" என்று ஒலிப்பது ஏன்? அது டர்போவின் ஓசையன்று. காற்றுப் பிரேக்கின் ஓசை. எஞ்சினால் ஓடும் காற்றமுக்கி ஒன்று தொட்டிகளில் காற்றை நிரப்பி வைக்கின்றது. சாரதி பிரேக்கை மிதிக்கும்போது அக்காற்று பிரேக்கை இயக்குகின்றது. காலை எடுத்ததும் பயன்படுத்திய காற்று "ஷ்ஷ்" என்று வெளியேறுகின்றது. ஆகவே இறக்கத்தில் கேட்கும் ஒவ்வொரு சீற்றமும் தொட்டியிலிருந்து செலவான காற்றின் கணக்கு. சிறுகச் சிறுக மிதித்து மிதித்து இறங்கும் வண்டியில், செலவு வரவை விஞ்சக்கூடும். பிரேக்கும் கொதித்துப் பிடிப்பை இழக்கக்கூடும். தாழ்ந்த கியரில், எஞ்சினே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும்படி இறங்குவது மலைநாட்டுச் சாரதிகள் தலைமுறை தலைமுறையாகப் போற்றும் விதி. வெறும் ஓசைக்காகத் தும்மும் வண்டிகள் பெருகினால், பிரேக்கின் சீற்றத்தையும் குழாயின் கசிவையும் அறியும் காது மந்தமாகிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

செய்யத் தக்கன

டர்போ வண்டி வைத்திருப்போர் புதிய ஓசையைத் தேடி அலைவதைவிட, இருக்கும் ஓசையைப் பழகிக்கொள்வது மேல். உரிய தரமான ஒயிலை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். இலட்சம் முறை சுழலும் அச்சு அந்த ஒயிற் படலத்தின் மீதுதான் மிதக்கின்றது. நெடிய மேட்டில் வருத்தி ஏறியபின், எஞ்சினை உடனே நிறுத்தாது ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிடுவது டர்போவின் சூடு தணிய உதவும். காற்றுக் குழாய்களின் கிளிப்புகளையும், வால்வுக்குச் செல்லும் மெல்லிய இறப்பர்க் குழாயையும் அவ்வப்போது பார்வையிட வேண்டும். அக்குழாய் வெடித்தால் வால்வு தன் வேலையை மறந்துவிடும். வால்வு பழுதாயின் கம்பனி பூட்டிய வகையையே மீண்டும் பூட்டுவது பாதுகாப்பு.

மாணவர்களுக்கோ இது செலவில்லாத ஒரு பயிற்சி. பாதையோரம் நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மிதிக்கும்போது கேட்டதா, எடுக்கும்போது கேட்டதா? ஒரே மூச்சா, சிறகடிப்பா? பெற்றோல் காரா, டீசல் பஸ்ஸா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்டால், எஞ்சினின் மூடியைத் திறவாமலே அதன் உள்ளத்தை ஓரளவு அறிந்தவராவீர்கள். ஆரவாரிக்க வேண்டிய இடம் எது, அஞ்ச வேண்டிய இடம் எது என்பதும் அப்பொழுது தானே விளங்கும்.